தோற்றவர் கடந்து சென்ற கிண்ணம்

எக்கட்சியையும் சாராது உதைபந்தாட்டம் பார்ப்பது உப்பின்றி உண்பதை ஒக்கும். நாம் இளமை தொட்டு ஆர்ஜெண்டீனாவின் கட்சி. அந்நாட்டோடு எமக்கு உறவுமில்லை, கொடுக்கல் வாங்கலுமில்லை. எனினும் அவர்கள் வென்றால் உணவு இனிக்கும். தோற்றால் உறக்கம் வாராது. இரசிகர் என்னும் சாதியின் இயல்பு அது.

2014 ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் ஜெர்மனி எம்மவரை 1–0 என வென்றது. கோல் விழுந்தது 113 ஆவது நிமிடத்தில். அன்று சிறந்த வீரருக்குரிய தங்கப் பந்தைப் பெற்ற மெஸ்ஸி, உலகக் கிண்ணத்தை ஏக்கத்தோடு நோக்கியபடி அதனைக் கடந்து சென்றார். நள்ளிரவு தாண்டியும் கண்விழித்திருந்த எமக்கு அக்காட்சி நெஞ்சில் முள்ளாய்த் தங்கிற்று.

எட்டாண்டுகள் கழிந்தன. 2022 டிசம்பர் 18 இல், கட்டார் நாட்டின் லுசைல் அரங்கில், பிரான்சும் ஆர்ஜெண்டீனாவும் எதிர்நின்றன. இங்கே இரவு எட்டரை மணி. மெஸ்ஸி ஒன்று, டி மரியா ஒன்று என 36 நிமிடத்துள் இரு கோல்கள் விழுந்தன. 79 நிமிடம் வரை எம் வீட்டில் சிரிப்பும் பேச்சும் நிறைந்திருந்தன. அதன்பின் எம்பாப்பே என்னும் இளைஞர் இரண்டு நிமிடத்துள் இரு கோல்கள் அடித்தார். வீடு வாயடைத்தது.

மேலதிக நேரத்தில் மெஸ்ஸி மீண்டும் அடித்தார். 118 ஆவது நிமிடத்தில், மொன்டியேலின் கையிற் பந்து பட்டதால் கிடைத்த தண்ட உதையை எம்பாப்பே கோலாக்கினார். மூன்றுக்கு மூன்று! ஆட்டம் முடியும் தறுவாயில் கோலோ முவானி தனியே நின்று பந்தை உதைத்தார். ஆர்ஜெண்டீனாவின் கோல் காப்பாளர் மார்ட்டினஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். எமக்கு மூச்சு மீண்டது.

பின்னர் தண்ட உதைகள். பிரான்சின் கோமன் உதைத்த பந்து தடுக்கப்பட்டது. சூவாமெனியின் பந்து வெளியே சென்றது. இறுதி உதையை உதைத்துக் கிண்ணத்தை வென்று தந்தவர், கையிற் பந்து பட்ட அதே மொன்டியேல். 4–2. ஆர்ஜெண்டீனா 1986 இன் பின் மீண்டும் உலகக் கிண்ணத்தை ஏந்தியது. நாம் எழுந்து நின்று கைகொட்டினோம், கண்களும் நனைந்தன.

அவ்வேளையில் தொலைக்காட்சியில் இன்னொரு காட்சி தோன்றிற்று. 1966 இல் ஹேர்ஸ்ட் செய்தது போல் இறுதிப் போட்டியொன்றில் மூன்று கோல்கள் அடித்த எம்பாப்பே, தொடரில் எட்டுக் கோல்களுக்கான தங்கக் காலணியைக் கையிலேந்தி, தலைகுனிந்து கிண்ணத்தைக் கடந்து சென்றார். 2014 இல் எம்மை வருத்திய அதே காட்சி. நடந்தவர் மட்டும் வேறொருவர். எம் மகிழ்ச்சி குன்றவில்லை. ஆனால் ஆரவாரம் அடங்கிற்று.

மறுநாட் செய்தி எம்மைப் பெரிதும் வருத்திற்று. கோமனையும் சூவாமெனியையும் அவர்தம் நிறத்தைச் சுட்டிச் சமூக ஊடகங்களில் இழித்துரைத்தனர் சிலர். இவர்கள் செய்த குற்றம் யாது? மார்ட்டினஸின் கால் ஒரு சாண் விலகியிருப்பின் பந்து வலைக்குட் புகுந்திருக்கும். கிண்ணம் பிரான்சுக்குப் போயிருக்கும். வசைமொழி கேட்டவர் மொன்டியேலாக இருந்திருப்பார். ஒரு சாண் இடைவெளியில் ஒருவர் வீரராகவும் மற்றொருவர் பாவியாகவும் ஆவதை நியாயமென ஏற்பது எங்ஙனம்?

கட்சி சேர்ந்து ஆட்டம் பார்க்கும் எம் மாணவ அன்பர்க்கு நாம் கூறுவது இதுவே. உங்கள் கட்சிக்காகத் தொண்டை வரளக் கூவுங்கள், அதில் குறையொன்றுமில்லை. ஆட்டம் முடிந்தபின், தலைகுனிந்து செல்லும் எதிர்க்கட்சி வீரருக்காகவும் ஒருமுறை கைதட்டுங்கள். 120 நிமிடமும் எம்மை இருக்கையின் நுனியில் இருத்திய அவ்வாட்டத்தை ஆடித் தந்தவர்களுட் பாதிப்பேர் தோற்றவர்களே.