இரண்டு டிக்கெட்

காற்பந்துப் பருவம் நெருங்கினால், ஜார்ஜ்டவுன் ஒட்டுக்கடைகளில் தே தாரிக் ஆறிப்போகும். பினாங்கு அணி இம்முறை தேறுமா, தேறாதா? பேச்சு அதையே சுற்றிவரும்.

அப்படியோர் மாலையில் ஒரு தாத்தாவும் பேரனும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். தாத்தாவுக்கு 1974 மறக்காது. இறுதியாட்டத்தில் பேராக்கை வென்று பினாங்கு மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய ஆண்டு அது. ஈசா பக்கார், அலி பக்கார் சகோதரர்களைப் பற்றித் தொடங்கினால், கடைக்காரர் மேசையைத் துடைத்தாலும் எழமாட்டார்.

"உலகமே வியந்த கோல் நம் அரங்கில்தானே விழுந்தது, தாத்தா?" என்றான் பேரன்.

உண்மைதான். 2016 பிப்ரவரியில் பகாங்கிற்கு எதிராக ஃபைஸ் சுப்ரி தொலைவிலிருந்து உதைத்த பந்து, காற்றில் வளைந்து வலைக்குள் பாய்ந்தது. அந்த ஒரு கோலுக்காக 2017 ஜனவரியில் சூரிக் நகரில் ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதை அவர் பெற்றார்.

"அதே 2017-இல் நம் அணி எங்கே போனது?"

சூப்பர் லீக்கிலிருந்தே இறங்கிவிட்டது. பேரன் விடவில்லை. "2020-இல் பிரிமியர் லீக்கை வென்று திரும்பினோமே! 2021-இல் மூன்றாம் இடம்!"

"2022-இல்?"

பேரன் தே தாரிக்கைக் கலக்கினான். அணி பட்டியலின் அடிக்குச் சரிந்த ஆண்டு அது.

பட்டத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. 2014 முதல் லீக் பட்டம் ஜொகூரை விட்டு நகரவில்லையே! பினாங்கு ரசிகரின் கவலை வேறு: ஒரு பருவம் நன்றாக ஆடிய அணி, மறு பருவமும் அப்படி ஆடுமா?

"இந்த முறையும் தேறாது" என்று எழுந்தார் தாத்தா. இரண்டடி நடந்து திரும்பினார். "முதல் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வை, ஐயா."