பனியும் ஆலங்கட்டியும்

தொழுகையின் தொடக்கத்தில் நபி (ஸல்) அவர்கள் ஓதியதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் துஆவில், பாவங்களைக் கழுவத் தண்ணீரோடு பனியும் ஆலங்கட்டியும் கேட்கப்படுகின்றன. கும்மிடிப்பூண்டியில் மக்தப் பிள்ளைகளுக்கு இதைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். ‘ஸல்ஜ்’ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு வீட்டுக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் படிந்திருப்பதைத்தான் உதாரணம் சொல்வேன். நானும் வேறு பனியைக் கண்டதில்லை.

என்னிடம் ஓதிய தம்பி ஒருவர் சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் உலையருகே வேலை செய்கிறார். சென்ற ஆண்டு இறுதியில் அவருடைய தாயார் வீட்டுக்கு வந்து அழுதார். “ஹஜ்ரத், ஒத்தப் புள்ள. காஷ்மீருக்குப் போய் பனியில சறுக்கப் போறானாம். நீங்க சொன்னாத்தான் கேப்பான். கூடாதுன்னு சொல்லிடுங்க.”

சரி என்று சொல்லிவிட்டேன். அவர் சென்ற பிறகுதான், எதைப் பற்றித் தீர்ப்புச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை என்பது உறைத்தது. ‘கூடாது’ என்ற சொல் எங்களைப் போன்றோரின் நாவில் எளிதாக வந்துவிடுகிறது.

தம்பியை அழைத்தேன். குல்மர்க்கில் மத்திய அரசின் பயிற்சி நிறுவனத்தில் சறுக்கக் கற்பதும், பின்னொரு நாள் கம்பிவண்டித் தடத்துக்கு அப்பால் பலகைகளோடு மலையேறி இறங்குவதும் அவருடைய ஆசை. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து தனியொருவராகக் கலந்துகொண்ட ஆரிஃப் கான் அந்த ஊர்ப்பக்கத்துப் பிள்ளை என்றார். 2024 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் ரஷ்யர் ஒருவர் இறந்ததைக் குற்றச்சாட்டைப் போல அவர்முன் வைத்தேன்.

“அதனாலதான் ஹஜ்ரத், முதல்ல படிக்கப் போறேன்” என்றார்.

பிறகு அவர் ஆசிரியர், நான் மாணவன். பலகையின் அடியில் மயிர்ப்பட்டை ஒட்டி ஏறுவார்களாம். அது முன்னே வழுக்கும், பின்னே சரியவிடாமல் பற்றிக்கொள்ளும். உச்சியில் அதை உரித்துவிட்டு இறங்குவார்கள். ஏறக்குறைய 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே பெரிதும் ஆபத்தானவை. பனி அடுக்கடுக்காக விழுகிறது. உள்ளே வலுவற்ற ஓர் அடுக்கு இருந்தால் மேலுள்ளதெல்லாம் பலகையாகப் பெயர்ந்து வரும். ஆகவே குழி தோண்டி அடுக்குகளைப் பார்ப்பார்கள். வசந்தத்தில் இரவில் இறுகிய பனி வெயிலேற இளகுமாதலால், சுபுஹுக்கு முன்பே புறப்பட்டு வெயில் முற்றுமுன் இறங்கிவிட வேண்டும். தஹஜ்ஜுதுக்கு எழுப்பினால் புரண்டு படுத்த பிள்ளை இதைச் சொன்னபோது சிரித்துவிட்டேன்.

என்னைத் தொட்டது வேறொன்று. ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றையும் சுமக்க வேண்டும். புதைந்தவருக்குத் தம் மண்வாரியால் பயனில்லை. கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பிறகு வேகமாகக் குறைகிறது. ஆகவே அது உடன் வருபவருக்காகச் சுமப்பது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன ஹதீஸை இருவருமே நினைத்தோம். ஆனால் நன்கு கட்டத் தெரிந்தவர்களும் அந்த மலைகளில் இறந்திருக்கிறார்கள். அதை மறைத்து அவருக்கு அனுமதி கூற என் மனம் ஒப்பவில்லை. ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று நபி (ஸல்) அவர்கள் வினவித் திருப்பி அனுப்பியதை நினைவூட்டினேன். பயிற்சிக்குப் போகலாம், மலையேற்றம் தாயார் மனமொப்பினால் மட்டுமே என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, காலணியைக் கழற்ற முடியாத குளிரில் உளூ எப்படி என்று கேட்டார். உளூவோடு அணிந்து கணுக்காலை மறைக்கும் காலுறைக்குப் பயணி மூன்று நாள் இரவு பகலாக மஸ்ஹு செய்யலாம் என்ற சட்டத்தை விளக்கினேன்; அவருடைய காலணி அதில் அடங்குமா என்பதை முஃப்தி ஒருவரிடம் காட்டிக் கேட்கச் சொன்னேன்.

தாயாரிடம் நானே சென்று, அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர் என்மீது வருந்தியது முகத்தில் தெரிந்தது. இருந்தும் கம்பளிச் சட்டை வாங்கக் காசு கொடுத்தார்.

மார்ச்சில் நலமாகத் திரும்பினார், அல்ஹம்துலில்லாஹ். மக்தபுக்கு வந்து பிள்ளைகளுக்குப் படங்கள் காட்டினார். மாலையில் கால்தடமும் கறையுமாய்க் கிடந்த மைதானம் இரவுப் பனிக்குப் பின் காலையில் வெள்ளையாய் இருந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன், “அப்போ அழுக்கு அடியிலேயேதான இருக்கு?” என்றான்.

அடுத்த ஆண்டு மலையேற்றம் பற்றித் தாயாரிடம் என்னைப் பேசச் சொல்கிறார். நான் இன்னும் போகவில்லை.