இரண்டு மணிக்குச் சாத்தும் கதவு

"சார் வீட்டுல சும்மாத்தானே இருக்காரு, அவரைக் கேளுங்க."

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருவில் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். 2013 மே 31ஆம் தேதி சாயங்காலம் ஒரு சந்தன மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு திருவானைக்கோவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். 37 வருட வங்கி வேலை முடிந்தது. வேலை முடிந்து போகிறவனுக்கு எதற்காகக் கடிகாரம் கொடுக்கிறார்கள் என்று அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்த நாலு வருடம் அந்தக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்க நேரம் இருந்ததில்லை. மின்கட்டணம், கேஸ், பெரியவன் வாங்கிய மனைக்கு வில்லங்கச் சான்று, பேரனின் பள்ளி அட்மிஷன், சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் மண்டபம் பார்த்து முன்பணம் கட்டும் வேலை. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானதும் கேட்கவே வேண்டாம். தெருவுக்கே சலான் எழுதிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் அதில் எனக்குப் பெருமைதான். சும்மா இருக்கிறவன் என்ற பெயர் போய் வேண்டப்பட்டவன் என்ற பெயர் வந்ததே!

2017 தொடக்கத்தில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 212 என்று வந்தது. டாக்டர் என்னை விட முப்பது வயது இளையவர். மாத்திரை எழுதிவிட்டு, தினமும் முக்கால் மணி நேரமாவது நடக்கச் சொன்னார். "நேரம் கிடைக்கிறதில்ல டாக்டர்" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரிட்டயர் ஆயிட்டீங்கல்ல சார்? உங்களுக்குன்னு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூடவா கிடையாது?"

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வரும்போது எனக்கு ஞாபகம் வந்தது வங்கியின் இரண்டு மணி.

வாசிப்பவர்களில் பழைய வங்கி ஆட்கள் இருந்தால் இதைத் தாண்டிப் போகமாட்டார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், பத்து மணிக்குத் திறக்கும் கவுண்டர் இரண்டு மணிக்கு மூடிவிடும். கம்பிக் கதவைப் பாதி இழுத்துச் சாத்துவோம். வெளியில் நிற்பவர்கள் திட்டுவார்கள். "ரெண்டு மணிக்கே சாத்திட்டு உள்ள என்னய்யா பண்றீங்க, தூங்கறீங்களா?" என்று லால்குடிக் கிளையில் ஒரு நெல் வியாபாரி தினமும் கேட்பார். உள்ளேதான் அசல் வேலையே தொடங்கும். காலையில் வந்த ஒவ்வொரு வவுச்சரையும் லெட்ஜரோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கையில் உள்ள ரொக்கமும் புத்தகத்தில் உள்ள ரொக்கமும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது.

வித்தியாசம் வந்தால் பிடிப்பதற்குச் சில சூத்திரங்கள் உண்டு. வித்தியாசத் தொகை ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், பெரும்பாலும் எவனோ எண்ணை இடம் மாற்றி எழுதியிருக்கிறான். 36ஐ 63 என்று எழுதினால் வித்தியாசம் 27. அப்படி வகுபடவில்லையென்றால் தொகையைப் பாதியாக்கிப் பார்ப்போம். அந்தப் பாதித் தொகைக்கு ஒரு வவுச்சர் கட்டில் இருந்தால், பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதிவிட்டோம் என்று அர்த்தம். 18 பைசாவுக்காக இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்திருக்கிறோம். அந்த 18 பைசாவை என் சட்டைப்பையிலிருந்து போட்டுவிட்டுப் போகிறேன் என்று ஒரு புதுப் பையன் சொன்னபோது, மேனேஜர் அவனை ஒரு முறை முறைத்தார் பாருங்கள்.

இவ்வளவையும் வங்கிக்காகச் செய்தவன், சொந்தக் கதவை ஒரு நாளும் சாத்தியதில்லை. அதனால் காலை ஐந்தரை முதல் ஆறே முக்கால் வரை என் நேரம் என்று வீட்டில் அறிவித்தேன். போன் எடுக்கமாட்டேன். யாருக்காகவும் எங்கேயும் போகமாட்டேன்.

முதல் ஒரு வாரம் திருட்டுத்தனம் செய்வது போலவே இருந்தது. திருவானைக்கோவிலிலிருந்து நடந்து அம்மா மண்டபம் படித்துறைக்குப் போவேன். வருடத்தில் பல மாதம் அங்கே ஆறு என்பது மணலும் நடுவில் ஒரு கால்வாயும்தான். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டால் அதே இடத்துக்கு வேறு முகம். எதிரே மலைக்கோட்டை. நடை முடிந்ததும் படியில் உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டில் மனதில் தோன்றுவதை எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

தோன்றியது என்ன தெரியுமா? 'பால் 21. காய் 64. ஆட்டோ 80.' பதினைந்து நாள் இதையே எழுதினேன். 37 வருடப் பழக்கம், கை வேறெதற்கும் வளையவில்லை. பிறகு ஒரு நாள் காரணமே இல்லாமல், 1998ல் எனக்குக் கீழே வேலை பார்த்த ஒரு கிளார்க்கின் பெயரை எழுதினேன். டோக்கன் மாற்றிக் கொடுத்ததற்காக அவரை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்தியிருக்கிறேன். அன்று அவருடைய மகனும் கிளையில் இருந்தான், பள்ளிக்கூடச் சட்டையோடு. அந்தப் பையனின் முகம் பத்தொன்பது வருடம் கழித்துப் படித்துறையில் வந்து நின்றது. இரண்டு நாள் யோசித்து, நம்பர் தேடிப் பிடித்து அவருக்குப் போன் செய்தேன். "அப்படியா சார்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். மரியாதைக்குச் சொன்னாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் "பையன் நல்லாருக்கானா?" என்று கேட்டபோது ஒரு நொடி தாமதித்துத்தான் பதில் சொன்னார்.

சர்க்கரை இறங்கியது. நான் என்னைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று போகிற இடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குக்கூட உபதேசம் செய்திருக்கிறேன். "உங்களுக்குன்னு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க சார்." இரண்டு வருடம் இப்படி ஓடியது.

2019ல் வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தோம். வழக்கம் போல என் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்திருந்தாள். பழைய ரிப்போர்ட், தண்ணீர் பாட்டில், ரத்தம் கொடுத்த பிறகு நான் சாப்பிட டப்பாவில் இட்லி. எல்லாம் அந்தப் பையில் இருக்கும். எனக்குப் பிரஷர் பார்த்து முடித்த நர்ஸ் பெண், கூட்டம் இல்லாததால், "நீங்களும் கையைக் குடுங்கம்மா, பாத்துரலாம்" என்றது. "எனக்கெதுக்கும்மா" என்றாள் இவள். அந்தப் பெண் ஒரு முறை பார்த்தது, பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தது, எழுந்து டாக்டரிடம் போனது.

190க்கு 110.

"கடைசியா எப்பம்மா பிரஷர் பாத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். இவள் கூரையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள். "சின்னவன் பொறந்தப்ப பாத்தாங்க."

சின்னவன் பிறந்தது 1984ல். நர்ஸ் பெண் சிரித்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. தலைவலி உண்டா என்று கேட்டார். பின்கழுத்தில் வலி இருக்கிறது, தைலம் தேய்த்தால் போய்விடும் என்றாள். பல மாதமாக அந்தத் தைல வாசனை எங்கள் வீட்டில் இருந்தது. எனக்கும் தெரியும். எதற்காக என்று கேட்டதில்லை. பிரஷர் பெரும்பாலும் எதுவும் காட்டாமலேயே ஏறும், பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் விளக்கினார். நான்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டே அந்த வாசலுக்குப் போய் வந்துகொண்டிருந்தேனே!

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் பேசியது ஒரே விஷயம்தான். அரிசி ஊறப்போட்டு ரொம்ப நேரமாகிவிட்டது.

அன்றிரவு நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்று என் நாள், ஒன்று அவள் நாள். ஐந்தரைக்கு நான் கிளம்ப வேண்டுமென்றால் ஐந்து மணிக்கு வெந்நீர் வைக்கிறவள் யார்? காலையில் பால்காரர், பூக்காரம்மா, தண்ணீர் மோட்டார், எனக்கு வரும் போன்கள், 'சார் வாக்கிங் போயிருக்காரு' என்று பதில் சொல்வது. அத்தனையும் முன்பு பாதி நான் பார்த்தவை. சர்க்கரைக்காரனுக்கு என்று தனியாக ஒரு சமையல் வேறு. என் ஒன்றே கால் மணி நேரம் வானத்திலிருந்து வரவில்லை. அவள் பத்தியிலிருந்து எடுத்து என் பத்தியில் எழுதப்பட்டிருந்தது. பற்றை வரவில் எழுதிவிட்டு, கணக்கு சரியாக வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு ஒரு மே 31 வந்தது. அவளுக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது.

மறுநாள் அவளிடம், "உனக்கும் தினம் ஒரு மணி நேரம் வேணும். என்ன பண்ணப் போற, சொல்லு" என்றேன். நானே யோசனைகளும் தயாராக வைத்திருந்தேன். யோகா வகுப்பு, கோயிலில் திருவாசகம் சொல்லிக்கொடுக்கிறார்கள், கல்யாணத்துக்கு முன்னால் பாட்டு கற்றுக்கொண்டாயே, அதைத் தொடரலாம்.

"ஒண்ணும் வேணாங்க."

"சும்மா சொல்லு."

"அதான் சொல்றேன். சாயங்காலம் மாடியில போயி உக்காந்திருக்கணும். யாரும் கூப்பிடக் கூடாது."

"உக்காந்து?"

"உக்காந்துதான்."

எனக்கு ஏமாற்றம் என்றே சொல்ல வேண்டும். நேரத்தை ஒதுக்கினால் அதில் ஏதாவது செய்ய வேண்டும், செய்ததற்குக் கணக்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். ஆனாலும் நாலு மணி முதல் ஐந்து மணி வரை என்று முடிவானது. அந்த ஒரு மணி நேரம் காலிங் பெல், போன், காபி எல்லாம் என் பொறுப்பு.

முதல் நாள் இருபது நிமிடத்துக்குள் மூன்று முறை கூப்பிட்டேன். டிகாக்‌ஷன் எங்கே, துணி தேய்க்கிறவருக்கு எவ்வளவு, அடுப்பில் எது பெரிய பர்னர். மூன்றாவது முறை அவள் இறங்கி வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே சமையலறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டதில்லை. சொந்த வீட்டில் பெருங்காயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று 66 வயதில் தெரிந்துகொண்டேன்.

மாடியில் என்ன செய்கிறாள்? தெரியாது. ஒரு நாள் தூறல் விழுந்தது, காயப்போட்ட துணியை எடுக்க ஏறினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் மனைப்பலகை போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோயில் கோபுரப் பக்கமாகக் கிளிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாளா என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த முகத்தைக் கல்யாணமான புதிதில் பார்த்திருக்கலாம், எனக்கு நிச்சயமில்லை. நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. துணி நனைந்தால் நனையட்டும் என்று இறங்கி வந்துவிட்டேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் இரண்டு பிள்ளைகளும் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். ஒன்பது பேர், மூன்று அறை. என் படித்துறை நடை அடியோடு நின்றது. அவள் நேரமும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் நாலு மணிக்கு மாடிக் கதவு வெளிப்பக்கம் தாழ் போடும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் பயந்துபோய், "அம்மாவுக்கு யார் மேலப்பா கோபம்?" என்றார்கள். கோபமெல்லாம் இல்லை, கவுண்டர் மூடியிருக்கிறது என்றேன். பெரியவனுக்குப் புரியவில்லை. மருமகள்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று காபி பெரியவன் போட்டான். வாயில் வைக்க முடியவில்லை, ஆனாலும் எல்லோரும் குடித்தோம்.

இப்போது அவளுக்கு 130க்கு 80. மாத்திரையாலும் ஊறுகாய், அப்பளம், வடகத்தை நிறுத்தியதாலும்தான், மாடியால் இல்லை என்கிறார் டாக்டர். இருக்கலாம். மாடியை நிறுத்திப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பெல் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண், கையில் ஏதோ பாத்திரம். "அக்கா இல்லீங்களா?" என்றது.

"இருக்காங்க. அஞ்சு மணிக்கு மேல வாம்மா."

"தூங்குறாங்களா? உடம்பு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்காங்க."

அந்தப் பெண் என்னையும் மாடிப்படியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போயிற்று. மணி 4.40. பாலை அடுப்பில் வைக்க வேண்டும். ஐந்து மணிக்கு அவள் இறங்கும்போது காபி சூடாக இருக்க வேண்டும்.