ரவிவாரியில் ஒரு ஞாயிறு

அகமதாபாத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். "ஞாயித்துக்கிழமை ரவிவாரிக்குப் போகலாம், மன்னி" என்றாள். சபர்மதிக் கரையில், 1892-ல் கட்டிய எல்லிஸ் பாலத்தின் அருகே வாராவாரம் கூடும் சந்தை அது. 1411-ல் நகரை நிறுவிய சுல்தான் அகமது ஷா காலத்திலிருந்தே உண்டாம். இரும்புத் தோசைக்கல், பழைய புத்தகம், கட்டில், ஆடு, கோழி... என்னதான் இல்லை!

ஆற்றங்கரையைப் புதுப்பிக்கும் திட்டம் வந்தபோது, சந்தை இருக்குமா என்று எல்லோருக்கும் கவலை. வியாபாரிகள் உயர்நீதிமன்றம் வரை போனார்கள். 2014-ல் மேடை, மரம், விளக்கு, கழிப்பறையோடு புதிய சந்தை திறந்தது.

நாத்தனாருக்குப் பரம திருப்தி. "முன்னெல்லாம் ஒரே புழுதி, மன்னி! இப்போ குழந்தையை இறக்கி நடக்க விடலாம்."

பாத்திரம் விற்கும் பாட்டியிடம் அவளே குஜராத்தியில் பேச்சுக் கொடுத்து, எனக்குச் சொன்னாள்: "கழிப்பறை வந்ததே பெரிய புண்ணியமாம். அதுக்குப் பயந்து முன்னே பொழுதுக்கும் தண்ணியே குடிக்க மாட்டாளாம். இவளுக்கு மேடை கிடைச்சுது. கூடவே இருபது வருஷமா உட்கார்ந்தவ பேரு லிஸ்டுல இல்லையாம். அவ வெளியே ரோட்டோரம் உட்கார்றாளாம்."

பாட்டியும் நாத்தனாரும் சொன்னது இரண்டுமே நிஜம்தானே! தோசைக்கல்லைப் பாட்டியிடம் வாங்கினேன். திரும்பும்போது ரோட்டோரத்தில் தேடிப் பிடித்து, கரண்டியை அந்த அம்மாளிடம் வாங்கினேன்.

நம் ஊர்ச் சந்தையைப் புதுப்பித்தாலும், எவ்வளவு அழகு என்று பார்ப்பதோடு, நேற்றுவரை இருந்தவர்களில் யாரைக் காணோம் என்றும் ஒரு தடவை பாருங்களேன்.