இக்கரை மருந்து

ஒன்பது வருடங்களுக்கு முன் என் மனைவிக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். கதிர் சிகிச்சை, கூடவே வாரம் ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். சீட்டில் 'சிஸ்பிளாட்டின்' என்று இருந்தது.

அதில் 'சிஸ்' எனக்குப் பழக்கமான சொல். பிரெஞ்சுப் பள்ளியின் சரித்திர வகுப்பில் 'கோல் சிசால்பின்' என்று படித்திருக்கிறேன். ரோமிலிருந்து பார்த்தால் ஆல்ப்ஸ் மலைக்கு இந்தப் பக்கம் இருந்த நாடு அது. அந்தப் பக்கம் இருந்தது 'திரான்சால்பின்'. லத்தீனில் சிஸ் என்றால் இக்கரை, திரான்ஸ் என்றால் அக்கரை.

வேதியியல் படித்த மைத்துனர் மகன் தாளில் படம் போட்டுக் காட்டினான். நடுவில் பிளாட்டினம். நான்கு மூலைகளில் இரண்டு குளோரின், இரண்டு அம்மோனியா. குளோரின்கள் இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிரெதிரே இருந்தால் திரான்ஸ். சரக்கு ஒன்றுதான், எதை முதலில் சேர்க்கிறோம் என்ற வரிசையைப் பொறுத்து சிஸ்ஸோ திரான்ஸோ கிடைக்கும். சிஸ் உடம்புக்குள் போனதும் குளோரின்கள் கழன்று, பிளாட்டினம் டி.என்.ஏ.வின் பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகள் இரண்டைப் பிடித்து வளைத்துவிடும். செல் பெருக முடியாமல் சாகும். திரான்ஸால் அப்படிப் பிடிக்க முடியாது; அது மருந்தாகவில்லை.

1840களில் பேரோன் என்ற இத்தாலியர் இந்த உப்பைச் செய்தார். அதன் அமைப்பை 1893இல் சொன்னவர் அல்சாஸில் பிறந்த வெர்னர். அது மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1960களில் அமெரிக்காவில் ரோசன்பெர்க், பாக்டீரியா இருந்த திரவத்தில் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். அவை பிரியாமல் நூல் போல நீண்டன. காரணம் மின்சாரம் அல்ல, பிளாட்டினக் கம்பியிலிருந்து கரைந்த உப்பு. 1978இல் அங்கே மருந்தாக அனுமதி கிடைத்தது.

முதல் நாள், சிறுநீரகம் கெடாமலிருக்க பாட்டில் பாட்டிலாக உப்பு நீர் ஏற்றினார்கள். மருந்தில் இருப்பது பிளாட்டினம் என்று சொன்னேன்.

"வளையலை வித்துட்டு பிளாட்டினம் ஏத்திக்கிறேனா? நல்ல வியாபாரம்தாங்க," என்றாள். அன்று இரவு முழுக்க வாந்தி.

ஐந்து தடவை ஏற்றினார்கள். நோய் போயிற்று. ஆனால் காதில் ஓயாத ரீங்காரம். அதுவும் இந்த மருந்தின் வேலைதான் என்றார் டாக்டர். மெல்லப் பேசினால் இப்போது அவளுக்குக் கேட்பதில்லை. நாற்பது வருடம் ஆபீசில் குரல் உயர்த்தாதவன் நான். வீட்டில் இப்போது கத்துகிறேன். பக்கத்து வீட்டார் சண்டை என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். பதில் சொல்ல அவள் இக்கரையில் இருக்கிறாள்.