சோம்பல் அன்று

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் கிள்ளானில் உள்ள அந்த அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் விளக்கு எரியும். தோசை வார்த்தபடியே அம்மா பழைய பாட்டு ஒன்றை முணுமுணுப்பார். ஐம்பத்தாறு வயதிலும் அண்டை வீட்டு விசேஷங்களுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பவர் அவர்.

நாளடைவில் அந்த விளக்கு தாமதமாக எரியத் தொடங்கியது. பாட்டு நின்றது. வெள்ளிக்கிழமைக் கோவிலும் நின்றது. அடுப்பில் வைத்த பருப்பு இரண்டு முறை கருகியது. கேட்டால், “ஒன்றுமில்லை, களைப்பாக இருக்கிறது,” என்பார். சில நாள்களில் காரணம் தெரியாமல் அழுதார். “வயதாகிவிட்டது,” என்றார் அப்பா. கண்ணூறாக இருக்கும் என்று அத்தை எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். படிவம் நான்கில் பயிலும் மகளோ, பள்ளிச் சீருடை துவைக்கப்படாமல் கிடந்த ஒரு காலையில், “வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டுவிட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. சீருடையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

நீரிழிவுச் சோதனைக்காக அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்றபோது மகளும் உடன் போனாள். பாதங்களில் ஊசி குத்துவதுபோல் இருப்பதாக அம்மா சொன்னார். மருத்துவர் கால்களைச் சோதித்துவிட்டு, அவருடைய உணவைப் பற்றி விசாரித்தார். பதினோர் ஆண்டுகளாகச் சைவம். வயிறு உப்புகிறது என்று பாலையும் தயிரையும் விட்டு ஐந்து ஆண்டுகள். குடிப்பது ‘கோப்பி ஓ’. நீரிழிவுக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் மாத்திரை. பிறகு மருத்துவர், “மனம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை வீட்டில் எவரும் கேட்டதில்லை என்பது மகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இரத்தச் சோதனையில் உயிர்ச்சத்து பி12 மிகவும் குறைந்திருந்தது. இந்தச் சத்து இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இயல்பாகக் கிடைக்கிறது. தௌஃபூவும் தெம்பேயும் நல்ல புரத உணவுகள். ஆனால், பி12க்கு அவற்றை நம்பியிருக்க முடியாது. கல்லீரல் இச்சத்தைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைப்பதால் குறைபாடு ஓசையின்றி வளர்கிறது. மெட்ஃபார்மினும் நாளடைவில் அதன் அளவைக் குறைக்கக்கூடும்.

இதற்கும் மனத்திற்கும் என்ன தொடர்பு? செரோடோனின் போன்ற வேதிப்பொருள்களை மூளை ஆக்குவதற்கு பி6, பி12, ஃபோலேட் ஆகிய பி வகைச் சத்துகள் துணைபுரிகின்றன. விக்டர் ஹெர்பர்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் இதைத் தம் உடம்பிலேயே கண்டார். உணவை மும்முறை வேகவைத்து, நீரைக் கொட்டி, ஃபோலேட் நீங்கிய உணவையே பல மாதங்கள் உண்டார். நான்காம் மாதத்திலிருந்து தூக்கமின்மை, மறதி, எரிச்சல் எல்லாம் வந்தன. ஃபோலிக் அமிலம் உட்கொண்ட இரண்டே நாளில் அவை அகன்றன. இந்த ஆய்வு 1962இல் வெளிவந்தது. கீரையைக் குழைய வேகவைத்து நீரை வடித்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் உயிர்ச்சத்துக் குறைவே காரணம் என்று சொல்வது தவறு. ஆண்களைவிடப் பெண்களிடம் அது ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது, காரணங்கள் பல. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்ணும் தாய்மார்களின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்தாம் குறைவு. அம்மாவுக்கும் மருத்துவர் பி12 ஊசியோடு நிறுத்திவிடவில்லை. மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார். நீரிழிவு மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது என்றும் எச்சரித்தார்.

சில வாரங்களில் களைப்பு குறைந்தது. மனம் தெளிய மாதங்கள் ஆயின. கால் மரப்பு முழுவதும் போகவில்லை. மகள் மன்னிப்புக் கேட்டபோது, “எனக்கே அது சோம்பல் என்றுதான் தோன்றியது,” என்றார் அம்மா.

இப்போது சீருடையை மகளே துவைக்கிறாள். அம்மாவின் காப்பியில் சிறிது பால் சேர்ந்திருக்கிறது. வயிறு உப்பினால் தயிர். முட்டை மட்டும் இன்னும் அந்தச் சமையலறைக்குள் நுழையவில்லை. அதற்குப் பதிலாக அடுப்புக்கு மேலே, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், பி12 மாத்திரைப் புட்டி இருக்கிறது.