கட்டையின் பூர்வீகத்தைக் கேளுங்கள்

வெண்பன்றி வளர்க்கும் நண்பர்கள் சில வருடங்களாக என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வீட்டிலேயே கறிக்குப் புகை போட்டுப் பார்க்கலாம்னு இருக்கோம். எந்த மரக்கட்டை நல்லது?" ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வி வருகிறது, போனிலும் வருகிறது. எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

நான் பெரம்பூர்க்காரன். 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓட ஆரம்பித்தது. அதே ஆண்டில் பெரம்பூரில் ரயில்வே பணிமனையும் வந்தது. 1955-ல் பெட்டித் தொழிற்சாலை வந்தது. ரயில்வே வேலையோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இங்கே நிறைந்தன. அதனால் டிசம்பர் மாதத்தில் பன்றிக்கறி வாசனை எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. உப்பும் மிளகும் தடவி ஊறவைக்கும் பழக்கத்தை நான் கற்றுக்கொண்டது பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம். மொட்டை மாடியில் மூடி போட்ட அடுப்பு வைத்துப் புகை போடும் பழக்கம் பிறகு வந்தது.

வெளிநாட்டு வீடியோக்களில் ஹிக்கரி, ஓக், ஆப்பிள் கட்டை என்பார்கள். அவை அந்த ஊரில் கொல்லையிலேயே கிடைக்கும் மரங்கள், அதனால் பயன்படுத்துகிறார்கள். நாம் காசு கொடுத்துப் பாக்கெட்டில் வாங்க வேண்டியதில்லை. ஹவாய் தீவுகளில் பன்றிக்கறிக்குப் புகை போட எடுப்பது எது தெரியுமா? கொய்யாக் கட்டையும், கியாவே என்ற மரமும்தான். கியாவே நம் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். அமெரிக்காவில் பேர்பெற்ற மெஸ்கீட்டும் அதே குடும்பம். நாம் வேலியோரம் வெட்டிப் போடுவதன் பங்காளியைத்தான் அங்கே விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

ஆனால் எந்த மரம் என்பது இரண்டாவது கேள்வி. அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது, அதற்கு முன்னால் அதை என்ன செய்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. வடசென்னையில் இருப்பதால்தான் எனக்கு இது அழுத்தமாகத் தெரிகிறது.

போன வருடம் என் தங்கை மகன் கிறிஸ்துமஸுக்குப் புகை போட்ட கறி செய்து தெரிந்தவர்களுக்கு விற்கலாம் என்று கிளம்பினான். துறைமுகம் பக்கமிருந்து உடைந்த பேலட் பலகைகளை ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டான். "மாமா, நல்லா காய்ஞ்ச கட்டை. காசே கிடையாது" என்றான். பலகையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். ஏற்றுமதி, இறக்குமதிக்கான மரச் சட்டங்களில் பூச்சி பரவாமல் இருக்க உலக அளவில் ஒரு முத்திரை உண்டு. கோதுமைக் கதிர் போன்ற படம், நாட்டின் குறியீடு, பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகள் இருக்கும். 'எச்.டி.' என்றால் சூடேற்றியது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு பிடித்தது. அவன் கொண்டுவந்ததில் இரண்டும் கலந்து கிடந்தன. எச்.டி. பலகையும் சமையலுக்கு ஆகாது. பெரும்பாலும் அது பைன் மரம், பிசின் நிறைந்தது. அதன் மேல் என்ன மூட்டை, என்ன ரசாயனம் சிந்தியது என்று யாருக்கும் தெரியாது. அத்தனையையும் திருப்பிக் கொண்டுபோய்ப் போட வைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ரயில்வே ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய மர ஸ்லீப்பர் கட்டை. உளுக்காமல் இருக்க அதற்குக் கிரியோசோட் ஏற்றுவார்கள். நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது அது. எத்தனை வருடம் வெயிலில் கிடந்தாலும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். கிராமங்களில் கேட்டுக்கும் கொட்டகைக்கும் இந்தக் கட்டையை வாங்கிப் போட்டிருப்பீர்கள். அதில் மிச்சமான துண்டைக் கறிப் பக்கமே கொண்டுவராதீர்கள், குளிர்காயவும் எரிக்காதீர்கள். பெயின்ட் அடித்த படகுப் பலகை, பழைய ஜன்னல் சட்டம், பசை கலந்த பிளைவுட் தூள் எல்லாமே அப்படித்தான். தச்சுப் பட்டறைத் தூள் வாங்கினால் அதில் பிளைவுட் தூளும் சேர்ந்துதான் வரும்.

பூர்வீகம் தெரிந்த கட்டை என்றால் அது உங்கள் தோட்டத்துக் கட்டைதான். முதன்முறை செய்பவருக்கு நான் சொல்வது கொய்யா. புகை மென்மையாக இருக்கும், கறிக்கு நல்ல நிறம் கொடுக்கும், கொஞ்சம் கூடிப்போனாலும் கசக்காது. அடுத்தது மா, சப்போட்டா. சீமைக் கருவேலத்தின் புகை காரமானது. பச்சையாகவோ அதிகமாகவோ போட்டால் கறி கசந்துவிடும். அதைக் கரியாக்கி அனலுக்கு வைத்துக்கொள்வது நல்லது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் கரி இதுதான். எங்கள் விறகுத் தொட்டியில் கிடைக்கும் சவுக்கும் அனலுக்கு நன்றாக நிற்கும். கரி சூட்டுக்கு, கொய்யா மணத்துக்கு என்று வைத்துக்கொண்டால் போதும். மினிக்காய் தீவில் மாசிக்குத் தேங்காய் மட்டைப் புகை போடுவார்கள். மீனுக்குச் சரி. கொழுப்புள்ள பன்றிக்கறிக்கு அந்தக் கனத்த புகை புதியவர் கையில் கசந்துவிடும்.

வேண்டாதவை: யூகலிப்டஸ், தேக்கு, சவுண்டல் தவிர்த்துவிடுங்கள். வேம்பு கசப்பு. பைன், தேவதாரு பிசின். முந்திரிக் கட்டையும் வேண்டாம், அதன் பால் தோலையே புண்ணாக்கும். அரளி விஷம், தில்லையின் பால் பட்டால் கண்ணே போய்விடும். இவற்றின் புகையும் ஆகாது. பூஞ்சணம் பிடித்த கட்டை எந்த மரமானாலும் ஒதுக்குங்கள். அந்தப் பருவத்தில் மருந்து அடித்த மரத்தின் கவாத்துக் கிளையையும் விட்டுவிடுங்கள்.

கட்டை காய்வது முக்கியம். பச்சை மரத்தில் எடையில் பாதி வரை தண்ணீர்தான். வெட்டியவுடன் மணிக்கட்டுப் பருமனில் ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, பட்டையை உரித்து, மழை படாத காற்றோட்டமான இடத்தில் ஆறு மாதம் அடுக்கி வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. இரண்டு துண்டுகளைத் தட்டினால் 'டங்'கென்று கேட்க வேண்டும். 'தொப்'பென்றால் ஈரம். தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள், தேவையில்லை. அந்த ஈரம் போகும்வரை ஆவிதான் வரும்.

புகை போடும்போது கட்டை கொழுந்துவிட்டு எரியக்கூடாது, கனிய வேண்டும். வெள்ளையாகக் குபுகுபுவென வரும் புகை கசப்பு. மெல்லிசாக நீலம் பாரித்து வருவதுதான் நல்ல புகை. இரண்டு கிலோ தோள் கறிக்கு மூன்று மணி நேரத்தில் கைப்பிடி அளவுத் துண்டுகள் நாலைந்து போதும். அனலைக் கறிக்கு நேர் கீழே வைக்காமல் ஓரமாக ஒதுக்கி, கறிக்குக் கீழே ஒரு தட்டு வையுங்கள். கொழுப்பு தணலில் சொட்டினால் எழும் கரும்புகை உடம்புக்குக் கெடுதல். ரசாயனம் இருந்த டிரம்மையும், துத்தநாகம் பூசிய தகரத்தையும் அடுப்பாக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகை போட்டால் கறி கெடாது என்று நினைத்துவிடாதீர்கள். நாகாலாந்தில் அடுப்புக்கு மேலே நாள்கணக்கில் கட்டித் தொங்கவிடுவார்கள். அது அவர்கள் மலைக் குளிருக்கும் கைப்பழக்கத்துக்கும் ஆனது. நம் வெயிலில் வேகாத கறியைப் புகையில் மட்டும் தொங்கவிட்டால் விஷமாகிவிடும். நாடாப்புழுவின் பயமும் பன்றிக்கறியில் உண்டு. அது மூளைக்குப் போனால் வலிப்பு வரும். கறியின் நடுவில் தெர்மாமீட்டர் குத்தி 71 டிகிரி செல்சியஸ் வந்ததைப் பார்த்த பிறகே இறக்குங்கள். அன்றைக்கே சாப்பிடுங்கள், அல்லது பிரிட்ஜில் வையுங்கள். உப்பும் புகையும் போட்டுப் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் சொல்லிவிட்டது. ஆகவே இது பண்டிகைச் சாப்பாடு, தினச் சாப்பாடு அல்ல. விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

என் தங்கை மகனுக்குக் கட்டை கடைசியில் திருவள்ளூர் பக்கம் ஒரு கொய்யாத் தோட்டத்திலிருந்து வந்தது. கவாத்துக் கிளைகளைப் போட்டுக் கொளுத்த இருந்தவரிடம், பழைய அடுக்கில் காய்ந்து கிடந்ததை இரண்டு சாக்கு கேட்டு வாங்கினோம். "இதுக்குப் போய் காசு கொடுக்கிறீங்களா?" என்று சிரித்தார். ஐயா, அதற்குத்தான் காசு. பேலட்டில் கிடைக்காத ஒன்று அந்தச் சாக்கில் இருந்தது. மரம் எது, யார் வெட்டியது, என்ன மருந்து அடித்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தார்.

கொய்யா, மா கவாத்து செய்யும் விவசாயிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளைக் கொளுத்தாமல் நறுக்கி நிழலில் அடுக்கி வையுங்கள். சாக்கின் மேல் மரத்தின் பெயர், வெட்டிய மாதம், கடைசியாக மருந்து அடித்த தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். பட்டணத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்கும் என் போன்றவர்கள் இருக்கிறோம்.